முதலாளிக்குத் துணி, டிரைவருக்குத் தோல்

பிரெஞ்சு மொழியில் காரின் சீட், மெத்தை, உறை வேலைகள் அனைத்துக்கும் சேர்த்து 'ஸெல்ரி' என்று ஒரு சொல் உண்டு. 'ஸெல்' என்றால் குதிரைச் சேணம். சேணம் தைக்கிறவரின் தொழில் 'ஸெல்ரி'. குதிரை போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் பாரிஸில் ஒருவர் புதுக் கார் வாங்கும்போது, 'ஸெல்ரி தோலா, துணியா?' என்றுதான் கேட்கிறார்கள். பிரெஞ்சு வழியில் படித்ததால் இந்த மாதிரிச் சொற்கள் என் காதில் சட்டென்று விழுந்துவிடும். விழுந்தால் பின்னாலேயே போய்ப் பார்க்கிற பழக்கமும் எனக்கு உண்டு. அப்படிப் போனதில் கிடைத்த கதைதான் இது.

நம் ஊரில் கார் வாங்குகிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். தோல் சீட் என்றால் உயர்வு, துணி சீட் என்றால் மட்டம். கார் வந்த மறுநாளே சீட் கவர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய், கம்பெனி கொடுத்த துணியின் மேல் கருப்பு நிற ரெக்சினை இழுத்துப் போர்த்திவிடுகிறார்கள். ஆனால் காரின் சரித்திரத்தைப் பார்த்தால் இந்த வரிசை நேர் தலைகீழாக இருந்திருக்கிறது.

கோச்சு வண்டி காலத்திலிருந்து தொடங்குவோம். வண்டிக்காரர் வெளியே, மழையிலும் வெயிலிலும், உயரமான பலகையில் உட்காருவார். அவர் சீட்டுக்குத் தோல்தான் போட்டார்கள். நனைந்தால் துடைத்துவிடலாம், கிழியாது, வருஷக்கணக்கில் உழைக்கும். உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சீமானுக்கும் சீமாட்டிக்கும் கம்பளித் துணி, வெல்வெட், சில சமயம் பட்டு. மழை உள்ளே வராது என்பதால் துணி போட முடிந்தது. அதாவது, துணியில் உட்காருவது என்பதே 'எனக்கு மேல் கூரை இருக்கிறது' என்று சொல்லாமல் சொல்வது.

மோட்டார் வண்டி வந்தபோது இந்த ஏற்பாடு அப்படியே உள்ளே ஏறிவிட்டது. 'லிமூசின்' என்ற பழைய வகைக் காரில் பின்பக்கம் மூடிய அறை. முன்னால் 'ஷோஃபர்' கிட்டத்தட்டத் திறந்த வெளியில். 'ஷோஃபர்' என்ற சொல்லுக்கு முதல் பொருள் சூடேற்றுகிறவர், அதாவது கொதிகலனுக்குத் தீ போடுகிறவர் என்பது. அவருக்குத் தோல் சீட், முதலாளிக்குக் கம்பளித் துணி. பழைய ரோல்ஸ் ராய்ஸ் லிமூசின்களின் படங்களைக் கவனித்துப் பாருங்கள். முன் சீட் தோல், பின் சீட் துணி. இந்த வழக்கம் ராஜ குடும்பத்தில் இன்னும் சாகவில்லை. 2002இல் எலிசபெத் ராணிக்காகச் செய்யப்பட்ட பென்ட்லி காரில் ராணி உட்காரும் பின் சீட்டுக்கு ஆட்டுக்குட்டி ரோமத்தில் நெய்த கம்பளித் துணி. மற்ற இடங்களில்தான் தோல். ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 1967 முதல் செய்துவரும் செஞ்சுரி காரும் அப்படித்தான். பெரிய மனிதர்கள் பின்னால் உட்காரும் அந்தக் காரில் கம்பளித் துணியைத்தான் கௌரவமாக நினைக்கிறார்கள். தோல், உடம்பு அசையும்போது கிறீச்சிடும்; தொட்டவுடன் குளிரும் அல்லது சுடும். கம்பளி சத்தமே போடாது.

கம்பளி என்றதும் நமக்கு வேர்க்கும். ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். பருத்தி சுமார் 8 சதவீதம். நைலான் 4. பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. கம்பளி 30 சதவீதம் வரை குடித்த பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கிற மனித உடம்பு ஏறக்குறைய பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. முதுகும் தொடையும் சீட்டில் அழுந்தியிருக்கும் இடத்தில் அந்த வெப்பமும் வியர்வை ஆவியும் போக வழி வேண்டும். துணிக்கு அந்த வழி உண்டு. அந்தக் காலத்து முதலாளிகள் இந்தக் கணக்கெல்லாம் படிக்கவில்லை. உட்கார்ந்து பார்த்தார்கள், சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் தோல் எப்படி மேலே ஏறியது?

முதல் காரணம், ஆரம்பக் கார்கள் பெரும்பாலும் திறந்த கார்கள். எல்லோருமே மழையில்தான் போனார்கள், ஆகவே எல்லோருக்கும் தோல். அமெரிக்காவில் 1919இல் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். 1927இல் அது 85 சதவீதம் ஆகிவிட்டது. எட்டே வருஷம்! கூரை வந்ததும் அமெரிக்கர்கள் உடனே துணிக்கு மாறினார்கள். அங்கோரா ஆட்டு மயிரில் நெய்த 'மோஹேர்' வெல்வெட் அவர்களுடைய நல்ல கார்களின் அடையாளமாயிற்று. இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் தோலை விடவில்லை. 1878இல் லண்டனில் தொடங்கிய கோனொலி குடும்பத்தின் தோல்தான் ரோல்ஸ் ராய்ஸுக்கும் பிறகு ஜாகுவாருக்கும் போனது. குளிர் நாட்டு மக்கள், பஞ்சுக்குப் பதில் குதிரை மயிர் அடைத்த மெத்தை, மேலே மிருதுவான தோல். அந்த வாசனையே தனி கௌரவம் ஆகிவிட்டது.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. போலித் தோல் வந்தது.

பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெடிபஞ்சு கிடைக்கும். 1846இல் ஷோன்பைன் என்ற ரசாயன அறிஞர் கண்டுபிடித்தது. அதே சரக்கைக் கரைத்து, வளைந்துகொடுக்க விளக்கெண்ணெய் சேர்த்து, கெட்டித் துணியின் மேல் பல தடவை பூசி, தோல் மாதிரி வரி அச்சு அழுத்தினால் போலித் தோல் தயார். ஆமாம், பேதிக்குக் குடித்தோமே அதே விளக்கெண்ணெய்தான். வெடிமருந்து செய்துவந்த அமெரிக்க ட்யூபான்ட் கம்பெனி 1910இல் 'ஃபாப்ரிகாய்ட்' என்ற போலித் தோல் கம்பெனியை வாங்கியது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் இதைச் செய்த கம்பெனியின் பெயர் 'ரெக்சின்'. பெயர் நம் ஊருக்கு வந்து அப்படியே தமிழாகிவிட்டது. ரெக்சின் பை, ரெக்சின் சோபா என்று சொல்லும்போது அது ஒரு கம்பெனியின் பெயர் என்று யார் நினைக்கிறார்கள்? பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே கதைதான். முதலில் 'மொலெஸ்கின்' என்றார்கள். காபிக் கடை பெஞ்சுகளில் போட்டிருப்பது. பிறகு 'ஸ்கை' என்ற ஜெர்மன் சரக்கின் பெயர் போலித் தோலுக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது.

போலி பெருகினால் அசலுக்கு மதிப்பு ஏறும். மலிவுக் காரில் போலித் தோல் வந்த பிறகுதான் 'இது அசல் தோல்' என்று சொல்லிக்கொள்வதில் பெருமை பிறந்தது. டிரைவரின் முன் சீட்டில் இருந்தது, மெல்ல மெல்லப் பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்து வந்தது வினைல். பி.வி.சி. என்ற பொருள் முன்பே தெரிந்ததுதான். ஆனால் விறைப்பாக இருந்ததால் உபயோகம் இல்லாமல் கிடந்தது. 1926இல் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் அதை மிருதுவாக்கும் வழியைக் கண்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்களில் இது வெள்ளமாகப் புகுந்தது. விலை குறைவு, எந்த நிறமும் கிடைக்கும், ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஷோரூமில் பார்க்கப் பளபளப்பு. குறை ஒன்றுதான்: காற்று ஒரு துளி போகாது. வெயிலில் நிறுத்திய காரில் வினைல் சீட்டில் வெறுங்காலோடு உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் புகைப் படலமாகப் படியும். எண்ணெய் போகப் போக சீட் விறைத்து வெடிக்கும். 'புதுக் கார் வாசனை' என்று நாம் ரசிப்பதில் ஒரு பங்கு இந்த ஆவிதான்.

இந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வேறு பாதையில் போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சித்ரோயன் கம்பெனியின் தலைவராக இருந்த பியேர் பூலான்ழே ('பூலான்ழே' என்றால் ரொட்டிக்காரர்) 1930களில் தன் பொறியாளர்களிடம் ஒரு மலிவுக் கார் கேட்டார். மரச் செருப்பு போட்ட இரண்டு விவசாயிகள், 50 கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர். உழுத நிலத்தில் ஒரு கூடை முட்டையோடு போனால் ஒன்றுகூட உடையக் கூடாது. எடையைக் குறைக்க, முதல் மாதிரி வண்டிகளில் சீட்டுகளைக் கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிட்டார்கள். நம் வீட்டுத் தூளிதான், வேறென்ன! போர் முடிந்து 1948இல் பாரிஸ் கண்காட்சியில் 'தெ ஷ்வோ', அதாவது 'இரண்டு குதிரை' என்ற பெயரில் வண்டி வெளியே வந்தபோது தூளி போய்விட்டது. ஆனால் எண்ணம் போகவில்லை. இரும்புக் குழாய்ச் சட்டம், அதில் இழுத்து மாட்டிய ரப்பர்ப் பட்டைகள், அதன்மேல் ஒரு துணி. ஸ்பிரிங் மெத்தை இல்லை, குதிரை மயிர் இல்லை. முதுகுக்குப் பின்னால் துணி, துணிக்குப் பின்னால் காற்று. கூரையும் கித்தான் துணிதான், சுருட்டிவிடலாம். சீட்டைக் கழற்றி ஆற்றங்கரையில் போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம். பிரெஞ்சுக்காரர்களே இந்த வண்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே 1990 வரை வாங்கினார்கள்.

அதே கம்பெனி 1955 அக்டோபரில் இன்னொன்றைக் காட்டியது. 'டி.எஸ்.' என்ற அந்தக் காரை பிரெஞ்சில் 'தேஎஸ்' என்று உச்சரிக்க வேண்டும். அதே ஒலியில் 'பெண் தெய்வம்' என்றும் ஒரு சொல் இருக்கிறது. கண்காட்சியின் முதல் நாளிலேயே 12,000 பேர் பதிவு செய்தார்கள் என்பது பிரசித்தம். பிற்காலத்தில் ஜெனரல் தெ கோல் போனதும் இந்தக் காரில்தான். நாட்டின் அதிசயக் கார் இது. இதற்கு இங்கிலாந்துக்காரராக இருந்தால் தோல்தான் போட்டிருப்பார். பிரெஞ்சுக்காரர்கள் போட்டது கனமான நுரை ரப்பர் மெத்தை, அதன்மேல் 'ஹெலாங்கா' என்ற, இழுத்தால் நீளும் நைலான் நூலில் பின்னிய ஜெர்சித் துணி. பனியன் பின்னுகிறார்களே, அந்த மாதிரிப் பின்னல், நெசவு அல்ல. ஆகவே உடம்பின் வளைவுக்கு ஏற்ப மெத்தையோடு சேர்ந்து அமுங்கும். நைலான் ஈரம் குடிப்பது குறைவு என்றாலும், பின்னலின் கண்கள் வழியே காற்று போகும். பார்க்கவும் அழகு, சிவப்பிலும் நீலத்திலும் பளிச்சென்று இருக்கும். சுகம், காற்று, அழகு மூன்றையும் ஒரே துணியில் முடிந்துவைத்தார்கள். ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தக் காரைப் பற்றித் தனியாகக் கட்டுரையே எழுதினார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசடர்தான் அரசாங்கத்தின் கார். ஐரோப்பியக் குளிருக்குப் பழகிய உடல் அமைப்பு, உள்ளே ரெக்சின் சீட், குளிர்சாதனம் கிடையாது. ஏப்ரல், மே மாதத்தில் அதில் உட்காருவது எப்படி? சர்க்காரே ஒரு பதில் கண்டுபிடித்தது: வெள்ளைத் துண்டு. பின் சீட் முழுக்க வெள்ளை உறை, முதுகு சாயும் இடத்தில் பூந்துவாலை. நான் வேலை பார்த்த காலத்தில் அதிகாரியின் பதவி எவ்வளவு என்பதை அவர் காரின் துண்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். பின்னாளில் கிண்டலுக்கு ஆளானாலும், அந்தத் துண்டுக்குப் பின்னால் அசல் காரணம் உண்டு. பருத்திப் பூந்துவாலை வியர்வையைக் குடிக்கும், தினமும் துவைக்கலாம். கோச்சு வண்டியின் சட்டம் இங்கேயும் செல்லுபடியாயிற்று என்பதையும் கவனியுங்கள். துண்டு பின் சீட்டுக்கு மட்டும்தான். முன்னால் பத்து மணி நேரம் உட்காருகிற டிரைவருக்கு ரெக்சின்தான்.

டிரைவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தன் தோள் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார்கள். தேங்காய் நார் விரிப்பு போட்டுக்கொண்டார்கள். பிறகு மரமணிகளைக் கோத்த விரிப்பு வந்தது. உலகம் முழுக்க டாக்சி ஓட்டுகிறவர்கள் அதைப் போட்டிருப்பதைப் படங்களில் பார்க்கலாம். பார்வைக்கு அது ஏதோ நாட்டு வைத்தியம் மாதிரி இருக்கும். உண்மையில் செய்வது ஒன்றுதான்: முதுகுக்கும் ரெக்சினுக்கும் நடுவே காற்று போக இடம் விடுகிறது. எங்கள் அலுவலகத்துப் பிரம்பு நாற்காலியின் தத்துவமும் அதுதான். கண்ணு கண்ணாகப் பின்னிய அந்த நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வெயில் நாட்டுக்கு அதைவிட நல்ல இருக்கையை யாரும் செய்யவில்லை. இத்தாலியில் கியா என்ற கம்பெனி 1950களின் இறுதியில் ஃபியட் 600 காரில் நிஜமாகவே பிரம்புச் சீட் போட்டு 'ஜாலி' என்று பெயரிட்டுக் கடற்கரைக்குப் போகும் பணக்காரர்களுக்கு விற்றது. நனைந்த உடம்போடு ஏறி உட்காரலாம், தண்ணீர் வடிந்துவிடும்.

நார் விஷயத்திலும் நாம் சிறுமைப்பட வேண்டியதில்லை. தேங்காய் நாரில் ரப்பர்ப் பால் சேர்த்து அழுத்திய மெத்தையை மெர்சிடிஸ் காரின் சீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். காற்று உள்ளே புகுந்து வெளியே வரும், ஈரம் தங்காது என்பதுதான் காரணம்.

இன்றைக்கு என்ன நிலைமை? பெரும்பாலான கார்களில் கம்பெனி போடும் துணி பாலியெஸ்டர். ஈரம் குடிக்காது, ஆனால் நெசவின் இடைவெளியில் காற்று போகும், உராய்வு தாங்கும், வெயிலில் சாயம் எளிதில் போகாது. தீப்பிடித்தால் வேகமாகப் பரவக் கூடாது என்பதற்கும் விதி இருக்கிறது. அமெரிக்காவில் 1972 முதல் காரின் உள் துணி நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக எரியக் கூடாது. அசல் தோல் என்று விற்பதும் பழைய கோனொலித் தோல் அல்ல. கறை படியாமலும் நிறம் மங்காமலும் இருக்க மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுக்கிறார்கள். தோலின் இயற்கையான துளைகள் அடைபட்டுவிடுகின்றன. அதனால் பிறகு ஊசியால் ஆயிரம் துளை போடுகிறார்கள். அதுவும் போதாமல் சீட்டுக்குள் சின்ன மின்விசிறி வைக்கிறார்கள். 1997இல் ஸ்வீடனின் சாப் 9-5 கார் அதைக் கொண்டுவந்தது. இப்போது நம் ஊரில் நடுத்தர விலைக் கார்களிலேயே அதைப் பெரிய வசதியாக விளம்பரம் செய்கிறார்கள். துணி சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததை அடைத்துவிட்டு, விசிறி வைத்துத் திரும்ப வாங்குகிறோம்.

கார் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சரித்திரத்திலிருந்து நான் எடுத்துச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சீட் துணியின் மாதிரித் துண்டை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபுறம் வந்தால் அது வெயில் நாட்டுத் துணி. கருப்பு வேண்டாம்; அழுக்குத் தெரிந்தாலும் வெளிர் நிறம் சூடு குறைவு. ரெக்சின் உறை போட்டே ஆகவேண்டும் என்றால், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் உறை தானாகப் பிரியும்படி தைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்தில் பை வெளியே வர முடியாது. அழகுக்காக உயிரை அடைத்து வைக்கக் கூடாது. மூன்று அல்லது நான்கு வருஷத்தில் விற்கிற எண்ணம் இருந்தால், கம்பெனித் துணியின் மேல் துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பு போதும்.

சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோச்சு வண்டி காலத்திலிருந்து சீட்டைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அதில் அதிக நேரம் உட்கார்ந்தவர் வேறொருவர். அடுத்த முறை சீட் உறை கடைக்குப் போகும்போது அவரையும் கூட அழைத்துப் போய், கேட்டுவிட்டு வாங்குங்கள்.